கதைல வர்ற சர்வாதிகாரிக்கு பாசத்து மேல ஏனுங்க அவ்ளோ பயம்?

பவானிக்கரை (கோபி):

வணக்கமுங்க. இத்தன நாளா நீங்கெல்லாம் பேசறத படிச்சுப்போட்டு சும்மா போயிருவேன், இப்ப ஒரு கேள்வி மனசுலயே கெடந்து உறுத்துது, அதான் கேக்கறேன்.

என்ற அக்கா பொண்ணு ப்ளஸ் டூ, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா. லீவுக்கு வந்திருந்தப்ப என்ற அலமாரில இருந்த 'தி கிவர்' எடுத்துட்டுப் போயி ஒரே ராத்திரில முடிச்சுட்டா. லோயிஸ் லோரி 1993-ல எழுதுனது, பசங்களுக்கான கதைன்னுதான் பேரு. படிக்காதவிங்களுக்கு சொல்லிர்றேன், ஒரு ஊரு, அங்க பசி இல்ல, சண்டை இல்ல, யாரு யாரோட குடும்பம் நடத்தணும், எந்தக் கொழந்த எந்த ஊட்டுக்குப் போவணும், 12 வயசுல யாருக்கு என்ன வேலை, அத்தனையும் ஒரு பெரியவிங்க குழு முடிவு பண்ணிரும். மனசுல ஆசைன்னு ஒண்ணு தலகாட்டுனா அன்னைல இருந்து தெனமும் மாத்திரை. அவிங்க கண்ணுக்கு கலரு கூட தெரியாது. பழைய காலத்து நெனப்பையெல்லாம் ஊருக்காக ஒரே ஒரு பெரியவரு சொமந்துட்டு இருக்காரு, அத அவருகிட்ட இருந்து வாங்கிக்கற பையன்தான் ஜோனஸ். ஒரு நாளு அவன் அப்பா அம்மாகிட்ட 'என்மேல பாசம் இருக்குதா'ன்னு கேப்பான். அவிங்க சிரிச்சுப்போட்டு, அதெல்லாம் அர்த்தம் தேஞ்சு போன வார்த்தை, சரியான வார்த்தையா பாத்துப் பேசுன்னு திருத்துவாங்க.

காலைல காப்பி குடிக்கறப்ப அம்மிணி கேக்கறா: "ஏனுங் மாமா, அவிங்களுக்கு சோறு இருக்குது, வேலை இருக்குது, யாரும் யாரையும் அடிக்கறதில்ல. பாசம் ஒண்ணுதான் இல்ல. அதுக்குப் போயி அந்தப் பையன் ஏன் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடணும்? இந்த மாதிரி கதை எல்லாத்துலயும் கவர்மெண்ட்டு ஏன் மொதல்ல மனசுலயே கைய வெக்குது?"

நான் என்னமோ பெரிய பதில் சொல்றாப்பல 'உணர்ச்சி இல்லாட்டி மனுசன் மெஷினு கண்ணு'ன்னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "மெஷினா இருந்தா என்ன மாமா தப்பு, வலிக்காதுல்ல"ன்னா. விளையாட்டுக்கு சொல்லல. நீட்டு, கட் ஆஃப்புன்னு அவ படற பாடு எனக்குத் தெரியும். எனக்கு அதுக்கு மேல வாய் வரலீங்க, அந்தப் புள்ளய பஸ் ஏத்தி விட்டு வந்து பத்து நாளாச்சு, அதே வெசனமாத்தான் இருக்குது. நான் '1984', 'பிரேவ் நியூ வேர்ல்ட்' ரெண்டும் படிச்சிருக்கேன், இருந்தும் எனக்கு சொல்லத் தெரியல. நல்லா ரோசன பண்ணி சொல்லுங்க, அவளுக்கு அப்படியே காட்டப் போறேன்.

---

தறிச்சத்தம் (கொமாரபாளையம்):

பவானிக்கரைண்ணா, மெஷின்ங்கற பதிலு நம்ம பக்கத்துல நின்னு சொல்றதுங்க. ஆளறவன் பக்கத்துல போயி நின்னு பாத்தா வேற மாதிரி தெரியும். அவனுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், ஒருத்தன் போனா அந்த எடத்துல இன்னொருத்தன வெச்சு ஓட்டற மாதிரி இருக்கணும். எங்க தறில பாபின் தீந்தா அடுத்த பாபின் போடறோம் பாருங்க, அப்படி. பாசம் இதுக்குத்தான் குறுக்க வந்து நிக்குது. பாசம் வெச்சவனுக்கு அந்த ஒரு ஆளுதான் ஆளு, அதுக்கு பதிலா அதே வயசு அதே ஒசரத்துல நாலு பேர கொண்டாந்து நிறுத்துனாலும் அவன் ஒத்துக்க மாட்டான்.

நீங்க சொன்ன 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932, ஹக்ஸ்லி) அதுல கொழந்தைங்க தூங்கறப்பவே 'எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்'னு காதுல ஓதி ஓதி வளப்பாங்க. கேக்க நல்லாத்தான இருக்குது, ஆனா எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்னா யாரும் யாருக்கும் தனியா சொந்தமில்லைன்னு ஆயிருதுங்க. அதுல அந்த ஊருக்கு வெளிய வளந்த ஜான்ங்கற பையனோட அம்மா லிண்டா ஆஸ்பத்திரில சாகற எடம் ஞாபகம் இருக்குதுங்களா? கவலைய மறக்கடிக்கற சோமா மாத்திரைலயே மெதந்துட்டு கெடக்கறா, சுத்தி ஒரே மாதிரி மூஞ்சி வெச்ச கொழந்தைங்க, சாவப் பாத்து பயப்படாம பழக்கறதுக்குன்னு கூட்டிட்டு வந்திருக்காங்க, கையில எக்ளேர். ஜான் மண்டி போட்டு அம்மாவ நெனச்சு கதறி அழுகறான். நர்ஸுக்கு வர்றது எரக்கம் இல்லீங்க, பதட்டம், இந்தக் கொழந்தைங்க சாவுன்னா என்னமோ பெரிய விசயம்னு நெனச்சுக்குமேன்னு. ஒரு அழுகைல ஒரு சமுதாயத்து அஸ்திவாரமே ஆட்டங்காணுது பாருங்க. எங்க ஆத்தா செத்தப்ப பெரியம்மா ஒப்பாரில அவங்க போட்ட சோறு, மேச்ச எருமை, கடைசி வரைக்கும் முடிக்காம விட்ட கூரைச்சீலை கடன் வரைக்கும் சொல்லி அழுதாங்க, வேற யாரு சாவுக்கும் அந்தப் பாட்டு பொருந்தாது. அது மாதிரி ஒரு ஒப்பாரி அந்த ஊர்ல ஒரு தடவ கேட்டிருந்தா போதும்.

'1984' அதே சங்கதியத்தான் இன்னும் கொடூரமா சொல்லுது. 1949-ல வந்தது, எழுதுன ஆர்வெல் பொறந்தது பீகார்ல மோதிஹாரில. ஆட்சிக்குத் தெரியாம காதலிக்கற வின்ஸ்டனும் ஜூலியாவும் பழைய சாமான் கடைக்கு மேல இருக்கற ரூம்ல பேசிக்குவாங்க, புடிச்சு அடிச்சா எல்லாத்தையும் ஒத்துக்குவோம், அது துரோகமில்ல, உன்மேல வெச்ச பிரியத்த என்னைய விட வெச்சுட்டாங்கன்னா அதுதான் துரோகம்னு. ஜூலியா சொல்வா, அத மட்டும் அவங்களால முடியாது, உள்ள வர முடியாதுன்னு. கடைசில 101-ஆம் நம்பர் ரூம்ல எலிக்கூண்ட மூஞ்சிகிட்ட கொண்டு வர்றப்ப வின்ஸ்டன் கத்தறானே, இத ஜூலியாவுக்கு செய்யுங்கன்னு, அந்த எடத்துலதான் அவன் சுதந்திரம் போச்சு. ஜெயில்ல போட்டப்ப போகல, பல்லப் புடுங்குனப்ப போகல. அதுக்கப்பறம் அவன வெளிய விட்டுர்றாங்க பாருங்க, இனி கட்டி வெக்க வேண்டிய தேவையே இல்ல.

---

நொய்யல்காத்து (திருப்பூர்):

அண்ணா நீங்க எழுதுனத படிக்கறப்ப எனக்கும் தொண்ட அடச்சுது, ஆனா நான் இதுல பாதிதான் ஒத்துக்குவேன்.

உணர்ச்சி எப்பவும் சுதந்திரத்து பக்கம் நிக்கும்னு யாருங்க சொன்னது? அதே '1984'ல தெனமும் ரெண்டு நிமிச வெறுப்புன்னு ஒண்ணு நடக்குது. திரைல எதிரி மூஞ்சி வந்ததும் எல்லாரும் எந்திரிச்சு கத்தறாங்க, வின்ஸ்டனுக்கு புடிக்கல, ஆனாலும் அரை நிமிசத்துல அவனும் சேந்து கத்திட்டு இருப்பான், நடிக்க வேண்டிய அவசியமே இல்லாம. அந்த ஆட்சி உணர்ச்சிய கொல்லலீங்க, வாய்க்கால் வெட்டி தனக்கு வேண்டிய காட்டுக்கு திருப்பி விட்டுச்சு. கடைசி வரில அவன் 'பிக் பிரதர்'ங்கற அந்தத் தலைவர மனசார நேசிக்கறான், அதுவும் பாசந்தான?

என்ற கதையவே சொல்றேன். எம்.சி.ஏ. முடிச்சதும் சென்னைல வேலை கெடச்சுது. எங்கம்மா அடிக்கல, திட்டல, ரூம்ல வெச்சுப் பூட்டல. ரெண்டு நாளு சோறு உங்காம செவுத்தப் பாத்து படுத்துட்டாங்க, அவ்ளோதான். அம்மாயி வந்து "பெத்தவள சாவக்குடுத்துட்டு போறயா சாமி"ன்னாங்க. நான் போகல. அம்மா என்மேல வெச்சது நெசமான பாசம், அதுல எனக்கு துளி சந்தேகமில்ல, அந்த நெசமான பாசமேதான் என்னைய கட்டிப் போட்டுச்சு. நம்ம பக்கத்துல எத்தன பொண்ணுங்க விரும்புன பையன விட்டுட்டு வந்தது அருவாளுக்குப் பயந்துன்னு நெனக்கறீங்க, அப்பா அழுததப் பாத்துத்தான் பாதிப்பேரு. சர்வாதிகாரி எந்த மாத்திரையும் குடுக்க வேண்டாமுங்க இதுக்கு.

மார்கரெட் அட்வுட் 1985-ல எழுதுன 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'ல கொழந்த பெத்துக் குடுக்கறதுக்குன்னே ஆட்சி புடிச்சு வெச்ச பொண்ணுங்களுக்கு அத்தை லிடியான்னு ஒரு பொம்பளதான் பாடம் எடுப்பா. சுதந்திரம் ரெண்டு வகை, நெனச்சத செய்யற சுதந்திரம் ஒண்ணு, ஆபத்து இல்லாம இருக்கற சுதந்திரம் ஒண்ணு, இப்ப உங்களுக்கு ரெண்டாவது கெடச்சிருக்குது, அத கொறச்சு எடை போடாதீங்கன்னு. அத படிச்சப்ப எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு, ஏன்னா அந்தப் பேச்ச நான் ஊட்டுலயும் கேட்டிருக்கேன், காலேஜ் ஹாஸ்டல்லயும் கேட்டிருக்கேன், அக்கறையா சொல்ற மாதிரியே, சொல்றவங்களும் அக்கறைன்னு நம்பித்தான் சொல்வாங்க. அட்வுட்டம்மா நாவல்ல வர்ற கொடுமை எதையும் தானா கற்பனை பண்ணி சேக்கல, எங்கயோ எப்பவோ மனுசன் செஞ்சதத்தான் எடுத்து வெச்சேன்னு சொல்லியிருக்காங்க.

அதனால பாப்பாகிட்ட 'உணர்ச்சி இருந்தா சுதந்திரம் வந்துரும்'னு மட்டும் சொல்லிராதீங்க அண்ணா. யாருக்கும் பயப்படாம, யாரும் கைய புடிச்சு திருப்பி விடாம அந்த உணர்ச்சிய வெச்சு ஒரு முடிவு எடுக்க முடியுதா, அதையும் சேத்து கேக்கச் சொல்லுங்க.

---

தறிச்சத்தம்:

நெசந்தாம்மா. நான் அத விட்டுட்டேன். நீங்க சொல்றப்பத்தான் இஷிகுரோ எழுதுன 'நெவர் லெட் மீ கோ' (2005) ஞாபகம் வருது. அதுல அந்தப் பசங்களுக்கு உணர்ச்சிக்கு ஒரு கொறையும் இல்ல, பொறாமைப்படறாங்க, காதலிக்கறாங்க, ஒருத்தர ஒருத்தர் கடைசி வரைக்கும் பாத்துக்கறாங்க. அவிங்கள வளக்கறதே ஒடம்புல இருக்கற உறுப்ப ஒண்ணொண்ணா எடுத்துக்கத்தான், அதுவும் அவிங்களுக்கே தெரியும். பெருசானப்பறம் வேலி கெடையாது, கார் ஓட்டிட்டு ஊரு ஊரா போறாங்க. ஒருத்தரு கூட ஓடல. நெசமா காதலிக்கற ஜோடிக்கு மூணு வருசம் தள்ளிப் போடுவாங்கன்னு ஒரு வதந்திய நம்பி கேத்தியும் டாமியும் போயி கேக்கறாங்க பாருங்க, விட்டுருங்கன்னு கேக்கல, கொஞ்சம் தள்ளிப் போடுங்கன்னுதான் கேக்கறாங்க. அப்படி ஒண்ணே கெடையாதுன்னு தெரிஞ்சப்பறம் டாமி ராத்திரில காரை நிறுத்தச் சொல்லி எறங்கிப் போயி காட்டுக்குள்ள நின்னு கத்தறான். படிச்சு ரெண்டு வருசமாச்சு, அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேக்குது. பாசம் மட்டும் பத்தாது, வேற மாதிரி வாழலாம்னு ஒரு நெனப்பு வந்திருக்கணும், அது அவிங்களுக்கு வராமயே வளத்துட்டாங்க.

---

மஞ்சக்காடு (ஈரோடு):

நான் எழுதறதா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். அந்தப் பொண்ணு "வலிக்காதுல்ல"ன்னு சொன்னதுக்காகத்தான் எழுதறேன்.

நானும் நாமக்கல் பக்கம் ஒரு ஸ்கூல்ல ரெண்டு வருசம் ஹாஸ்டல்ல இருந்தவன், ஸ்கூல் பேரு வேண்டாமுங்க. காலைல நாலரைக்கு பெல்லு, அஞ்சு மணிக்கு படிப்பு, அதுக்கப்பறம் டெஸ்ட்டு, கிளாஸு, மறுபடி டெஸ்ட்டு, ராத்திரி பத்தரை வரைக்கும். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம ஊட்டுல இருந்து வந்து பாக்கலாம். யாரும் எங்கள கொடுமப்படுத்துனாங்கன்னு சொல்ல மாட்டேன், சோறு நல்லா இருக்கும், வாத்தியாருங்க உசுரக்குடுத்து சொல்லிக் குடுத்தாங்க. என்னைய வளத்தது அப்புச்சிதான், அம்மாவப் பெத்தவரு. ப்ளஸ் டூ பரீட்சைக்கு மூணு வாரம் முன்னால அவரு தவறிட்டாரு. எனக்கு சொல்லல. சொன்னா மார்க்கு போயிரும்னு ஊட்டுலயும் ஸ்கூல்லயும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. கடைசி பரீட்சை எழுதிட்டு பெட்டியத் தூக்கிட்டு வெளிய வந்தப்ப மாமா கேட்டுகிட்ட நின்னு சொன்னாரு. நான் அழுகலீங்க. "எப்ப"ன்னு கேட்டேன், அப்பறம் கெமிஸ்ட்ரில ஒரு கேள்வி தப்பா இருந்துச்சுன்னு சொன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு, அந்தப் பார்வை எனக்கு அன்னைக்குப் புரியல.

அஞ்சாறு வருசம் கழிச்சு 'வீ' படிச்சேன், நாங்கள்னு அர்த்தம், ரஷ்யாக்காரர் சம்யாதின் எழுதுனது. அவரு கப்பல் இன்ஜினியரு, மொதல் உலகப்போர் சமயத்துல இங்கிலாந்துல போயி பனி ஒடைக்கற கப்பல் கட்டறத மேப்பார்வை பாத்தவரு. கணக்கும் இயந்திரமும் தெரிஞ்ச ஆளு எழுதுனதால அதுல வர்ற ஒலகம் அவ்ளோ துல்லியமா இருக்குது. சொந்த நாட்டுல விடல, 1924-ல நியூயார்க்ல ஆங்கிலத்துல வந்து, அவரு நாட்டுல அச்சாக 1988 ஆச்சு. ஆர்வெல்லுக்கெல்லாம் முன்னோடி.

அதுல ஆளுக்குப் பேரு கெடையாது, நம்பர்தான். கதைய சொல்றவன் டி-503. எல்லாரும் ஒரே நிமிசத்துல எந்திரிக்கறது, ஒரே நேரத்துல கரண்டியத் தூக்கறது, ஒரு வாய்க்கு அம்பது தடவ மெல்லறது, அத்தனைக்கும் அட்டவணை. ஊடெல்லாம் கண்ணாடி, கூப்பன் வாங்குனாத்தான் திரைய எறக்கி விடலாம். ஒரு நாளைக்கு ரெண்டே மணி நேரம் சொந்த நேரம், டி-503 என்ன நெனக்கறான்னா, இந்த ரெண்டு மணியும் ஒரு நாளு அட்டவணைக்குள்ள வந்துருச்சுன்னா நல்லாருக்கும்னு. நானும் அப்படித்தான் இருந்தேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் சும்மா விட்டா எனக்கு பயமா இருக்கும், என்ன பண்றதுன்னு தெரியாது.

அவன் ஒரு பொண்ண விரும்பி, தூக்கம் கெட்டு, கனவு வந்து டாக்டருகிட்ட போறான். டாக்டர் சொல்றாரு, உனக்கு ஆன்மா உண்டாயிருச்சு, பாவம்னு. அங்க அது வியாதி. கடைசில கற்பனைய மூளைல இருந்து கருக்கி எடுக்கற ஆபரேசன் நடக்குது, அவனுக்கும் பண்றாங்க. அப்பறம் அதே பொண்ண அவன் கண்ணு முன்னால சித்திரவதை பண்றாங்க, அவன் ஆட்சித்தலைவரு பக்கத்துல ஒரே மேசைல உக்காந்து பாத்துட்டு இருக்கான். அவனுக்கு வலிக்கல, தங்கச்சி. எழுத்துலயும் ஒரு நடுக்கம் இல்ல, கணக்கு போடற மாதிரி எழுதி வெச்சுட்டுப் போறான்.

அந்தப் பக்கத்த படிச்சப்பத்தான் எனக்கு மாமா அன்னைக்கு பாத்த பார்வை புரிஞ்சுது. புத்தகத்த மூடிட்டு அப்புச்சிக்காக அழுதேன், அவரு போயி ஆறு வருசம் கழிச்சு. அழுகை வர்றதுக்கு ஒருத்தனுக்கு நேரம் வேணுமுங்க, அத யாரும் வந்து திட்டம் போட்டுப் புடுங்கணும்னு கூட இல்ல, பெல்லு அடிச்சுட்டே இருந்தா போதும். நொய்யல்காத்து அக்கா சொன்ன மாதிரி முடிவு எடுக்கற சுதந்திரம் அப்பறம், அதுக்கு முன்னால எனக்கு என்ன தோணுதுன்னு எனக்கே தெரிய ஒரு மத்தியானமாச்சும் வேணும்.

---

பட்டிக்காரன் (திருச்செங்கோட்டுப் பக்கம்):

எல்லாரும் வெளிநாட்டுக் கதையே சொல்றீங்க. பெருமாள்முருகன் 2016-ல எழுதுன 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' நம்ம மண்ணு கதைங்க. மனுசங்கள பத்தி எழுத பயமா இருக்குதுன்னு முன்னுரைலயே சொல்லிப்போட்டுத்தான் வெள்ளாட்டுக்கு வர்றாரு. அதுல குட்டி பொறந்தா கொண்டுபோயி பதியணும், காதுல அடையாளம் குத்தணும், அதுக்கு நாள் முழுக்க வரிசை, அந்த வரிசைல நிக்கறவிங்க வாயத் தொறந்து ஒரு பழமை பேச பயப்படறாங்க. கருப்பு ஆடுன்னா ஆட்சிக்கு ஆகாது, இருட்டுல தெரியாதே. எங்க ஊட்டுலயும் பட்டி இருக்குது, நாலு உருப்படி. தாயில்லாத குட்டிக்கு கெழவி பால் தேடி அலையற எடத்த படிச்சுட்டு பட்டிக்குப் போயி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். பாப்பாவுக்கு தமிழ்ல குடுக்கறதுன்னா இதக் குடுங்க.

அப்பறம் சுஜாதா 'என் இனிய இயந்திரா', ஆனந்த விகடன்ல 1980-கள்ல தொடரா வந்தது, 2021-ல நடக்கற மாதிரி. கொழந்த பெத்துக்க அரசாங்கம் அனுமதி குடுக்கணும், பேரு கூட ரெண்டு எழுத்துக்கு மேல கூடாது. அதுல மெஷினா இருக்கற ஜீனோங்கற நாய்க்குட்டிதான் புஸ்தகம் படிச்சு, தானா ரோசன பண்ணி, நிலாங்கற பொண்ணுக்காக துணிஞ்சு எறங்குது. மெஷினா இருந்தா என்ன தப்புன்னு கேட்ட புள்ளைக்கு அது நல்லா புடிக்கும்.

---

பவானிக்கரை:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேனுங்க. இந்த ஞாயித்துக்கெழம பாக்கப் போயிருந்தேன், போன் உள்ள விட மாட்டாங்கன்னு எல்லாத்தையும் பிரிண்ட்டு போட்டு எடுத்துட்டுப் போனேன். வேப்பமரத்தடில உக்காந்து படிச்சா. மஞ்சக்காடு தம்பி எழுதுனத ரெண்டு தடவ படிச்சா, ஒண்ணும் சொல்லல, ஹாஸ்டல் போன்ல அவ அம்மாயிகூட பேசிட்டு வந்தா. வந்துட்டு மறுபடி ஒரு கேள்வி, எனக்கு இதுக்கும் தெரியல, அப்படியே எழுதறேன்:

"ஜோனஸ் அந்த ஊர விட்டுப் போனா அவன்கிட்ட இருக்கற நெனப்பெல்லாம் ஊர்ல இருக்கற எல்லாருக்கும் திரும்பிப் போயிரும், வலி, போரு, சாவு அத்தனையும். அவிங்க யாரும் அத கேக்கவே இல்லையே மாமா. மாத்திரை குடுக்கறப்பவும் அவிங்கள யாரும் கேக்கல, அத நிறுத்தறப்பவும் யாரும் கேக்கல. அப்ப இவன் பண்ணதும் அந்தக் குழு பண்ணதும் ஒண்ணுதான?"

---

நொய்யல்காத்து:

இந்தப் புள்ள எங்க அண்ணா இருந்துச்சு இத்தன நாளா. நான் ராத்திரி பூரா இதத்தான் யோசிச்சேன், இன்னும் முழுசா பதில் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஜோனஸ் கெளம்பறப்ப அந்தப் பெரியவரு கூட வர மாட்டேன்னு அங்கயே தங்கிர்றாரு, ஊருக்கு வலி திரும்பி வர்றப்ப அத தாங்கறதுக்கு சொல்லிக் குடுக்க ஒருத்தராச்சும் வேணும்னு. அந்தக் குழு அப்படி யாரையும் யாருக்கும் விட்டு வெக்கலயே. இது போதுமான பதிலான்னு அவளையே கேளுங்க.

---

தறிச்சத்தம்:

பவானிக்கரைண்ணா, என்கிட்ட 'பூனாச்சி' இருக்குது. அடுத்த தடவ பாக்கப் போறதுக்கு முன்னால ஒரு போன் போடுங்க, பவானி பஸ் ஸ்டாண்டுக்கு கொண்டாந்து குடுக்கறேன். உள்ள கதைப் புஸ்தகம் விட மாட்டாங்கன்னா சொல்லுங்க, மரத்தடிலயே உக்காந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா படிக்கட்டும்.